ஐந்து வரி, மூன்று வகுப்பு: வயதுக்கேற்ப இலக்கியம் கற்பிப்பது எப்படி?

ஒரே வாரத்தில் மூன்று வகுப்புகளுக்கு ஒரே பாட்டைக் கொண்டுபோக நேர்ந்தது. தரம் 8 என் வகுப்பு. தரம் 12க்கும் தமிழ் நான்தான். தரம் 4 வகுப்பாசிரியை அன்றைக்கு லீவு. பதில் பாடவேளைக்கு என்னை அனுப்பினார்கள். கையில் வேறு ஆயத்தம் எதுவும் இல்லை. மனதில் இருந்த ஐந்து வரிகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

புறநானூற்றின் 112ஆவது பாட்டு. பாடியவர்கள் பாரி மகளிர்; சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து எதிர்த்த பறம்பு மலைத் தலைவன் பாரியின் பிள்ளைகள். போன மாதத்து வெண்ணிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் வேந்தர்கள் குன்றைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு.

தரம் 4இல் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டது. தரம் 8இல் ஒருவனுக்குக் கோபம் வந்துவிட்டது: "மூணு பேர் சேர்ந்து ஒருத்தர அடிச்சிட்டு, அதுக்கு முரசு வேறயா?" தரம் 12இல் ஒரு மாணவி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செத்துப்போனார் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே டீச்சர்" என்றாள்.

மூன்றும் நல்ல வாசிப்புத்தான். ஒரு பாட்டை எட்டு வயதில் கேட்பதற்கும் பதின்மூன்றில் கேட்பதற்கும் பதினேழில் கேட்பதற்கும் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதை இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். புதிதாகத் தமிழ் கற்பிக்க வந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லும் பெற்றோருக்கும் இது உதவும்.

பஸ் பலகையும் பாட்டும்

முதலில் ஓர் அடிப்படை. மொழி கற்பிப்பதும் இலக்கியம் கற்பிப்பதும் ஒரே பாடப்புத்தகத்துக்குள் வந்தாலும் இரண்டும் வேறு வேலைகள்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியில் நின்று பஸ்ஸின் பலகையைப் பார்க்கிறோம். 100, பாணந்துறை, புறக்கோட்டை. தேவையான தகவலை எடுத்துக்கொண்டதும் அந்த எழுத்துகளை மறந்துவிடுகிறோம். யாராவது பலகையைப் பார்த்து "புறக்கோட்டை போகும்" என்று சொன்னால் போதும், நாம் படிக்கவே தேவையில்லை. பாட்டு அப்படியல்ல. "அப்பா இறந்துவிட்டார், நாடும் போய்விட்டது" என்று ஒருவர் சுருக்கிச் சொல்லிவிட்டால் பாரி மகளிரின் பாட்டு நமக்குக் கிடைத்துவிடுமா? கிடைக்காது. அந்த ஐந்து வரிக்குள் நாமே போய் நின்றால்தான் அது கிடைக்கும். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்த இருவகை வாசிப்பையும் பிரித்துக் காட்டி விரிவாக எழுதியிருக்கிறார். வாசித்து முடித்த பிறகு கையில் எதை எடுத்துப்போகிறோம் என்பதில் கவனம் வைப்பது ஒன்று. வாசிக்கும்போதே நமக்குள் என்ன நடக்கிறது என்பதில் கவனம் வைப்பது மற்றது.

எங்கள் வகுப்புகளில் பெரும்பாலும் பாட்டையும் பஸ் பலகையைப் போலத்தான் வாசிக்க வைக்கிறோம். பாட்டை ஒருமுறை வாசித்து, பொழிப்பைச் சொல்லிக் கொப்பியில் எழுதவைத்து, கேள்விக்கு விடையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளை பாட்டுக்குள் போகவே இல்லை; போனவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டது. பொழிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கடைசியில் வரட்டும் என்கிறேன். நான் எந்த வகுப்பில் நின்றாலும் முதலில் என்னையே கட்டுப்படுத்திக்கொள்வது இதில்தான்.

சுழல் படிக்கட்டு

வயதைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் கேட்பது, "எந்த வயதுக்கு எந்தப் பாட்டு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே பாலபாடங்களைப் படிப்படியாக எழுதினார். நம் மண்ணில் தரம் பிரித்துக் கற்பிப்பது புதிதல்ல. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் ஒரு பிழை நேர்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு வயது என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஆத்திசூடி சின்னப் பிள்ளைகளுக்கு, சங்கப் பாட்டு பெரியவர்களுக்கு என்று பிரித்துவிட்டால், பதினாறு வயதுக்காரர் "ஆறுவது சினம்" என்பதைத் திரும்ப எடுத்து யோசிக்க வாய்ப்பே வருவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் காதில் "அற்றைத் திங்கள்" விழுவதும் இல்லை.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வெளியிட்ட நூலொன்றில், எந்தப் பாடத்தையும் அதன் உண்மை கெடாத ஒரு வடிவில் எந்த வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்று துணிந்து சொன்னார். ஒரு விடயத்தைச் சிறுவயதில் தொட்டு, சில வருடங்கள் கழித்து மீண்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்பது அவர் கருத்து. கலைத்திட்டம் பற்றிய பாடங்களில் இதைச் சுருள் முறை என்பார்கள். வெளிச்சவீட்டின் உள்ளே இருக்கும் சுழல் படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே கடற்பக்கத்து ஜன்னல் வரும். உயரம் மட்டும் கூடியிருக்கும்.

நம்மவர்களும் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். ஒருமுறை பாடம் கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் நூலில் பிழைபட மாட்டான், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறருக்குச் சொல்வான் என்கிறது நன்னூல். அதை எழுதிய பவணந்தி முனிவர் பேசுவது ஒரே மாணவன் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பற்றி. அந்த மூன்று முறையையும் பத்து வருடத்துக்குப் பரப்பிவிட்டால் சுருள் முறைக்கு வந்துவிடுவோம்.

ஆகவே ஒவ்வொரு வயதிலும் ஆசிரியர் முக்கியமாக மாற்ற வேண்டியது தான் கேட்கும் கேள்வியை. பாட்டு அப்படியே இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகள்: காதும் வாயும் வயிறும்

தரம் 1 முதல் 5 வரை பிள்ளைக்குப் பாட்டு என்பது முதலில் ஓசை. பொருள் தெரியாமலே பிள்ளை பாட்டை விரும்பும். பெரியவர்களாகிய நாம் அதைக் குறையாக நினைக்கிறோம். எனக்கு அது அந்த வயதுக்கு மட்டும் கிடைக்கும் பேறாகவே தெரிகிறது. பதினைந்து வயதில் பொருள் தெரியாத வரி கேட்டால் சலிப்பு வந்துவிடும்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே" என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது தன் வீட்டு அடுப்படி. கொழும்பில் அப்படி இல்லை. என் பாடசாலையின் ஒரு வகுப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும், ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை இருக்கும், கொட்டாஞ்சேனையிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் பிள்ளை இருக்கும், வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையும் இருக்கும். பக்கத்து வீட்டோடு சிங்களத்தில் பேசி வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. "கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம்" என்ற இடத்துக்கு வந்ததும் பாதி வகுப்பு விழிக்கும்.

ஒருமுறை நான் அதற்குச் சொற்பொருள் எழுதிப்போட்டேன்: பனங்கட்டி என்றால் பனையிலிருந்து கிடைக்கும் வெல்லம். எழுதி முடித்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வருடம் வெள்ளவத்தையில் ஒரு கடையில் ஓலைக்குட்டானில் அடைத்த பனங்கட்டி வாங்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்து ஒரு குட்டானைப் பிரித்ததும் ஒரு பிள்ளை எழுந்து வந்து மணந்து பார்த்தது. "இது கித்துள் கருப்பட்டி மாதிரி, ஆனா மணம் வேற" என்றது. இன்னொரு பிள்ளை, "எங்க அம்மம்மா தேத்தண்ணியோட கடிக்கிறது இதத்தான்" என்றது. ஆளுக்கு ஒரு துண்டு நாவில் வைத்துக்கொண்டு பாட்டைப் பாடினோம். நான் எதையும் விளக்கவில்லை. மறுநாள் ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் கூழ் காய்ச்சச் சொல்லி அழுததாக அந்தத் தாய் வந்து சொன்னார். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய புள்ளி அதுதான்.

இந்த வயதில் கேட்க வேண்டிய கேள்விகள் மிக எளியவை. யார் பேசுகிறார்கள்? எங்கே நிற்கிறார்கள்? பிறகு என்ன நடந்திருக்கும்? உனக்கு எந்தச் சொல் பிடித்தது, அதை இன்னொரு தரம் சொல்லு. "இந்தப் பாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் நீதி என்ன?" என்பதை மட்டும் உடனே கேட்க வேண்டாம். எல்லாக் கதைக்கும் கடைசியில் ஒரு நீதி வரும் என்று பழகிவிட்ட பிள்ளை, கதையைக் கேட்காமல் நீதிக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியில் தரம் 5 பிள்ளைகளுக்குக் கதை கேட்கும் நேரமே குறைந்துபோகிறது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், கேள்வி எதுவும் இல்லாமல், ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் காட்டினால் கூடப் போதும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். "இல்லை, திங்கள் என்றால் மாதம், நிலவு" என்று திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், "ஏன் அந்தக் கிழமைக்குத் திங்கள் என்று பேர் வந்தது?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் ஞாயிறு இருக்கிறதே, அது என்ன என்று நூல் பிடித்துக்கொண்டே வந்தார்கள். சூரியன், சந்திரன், செவ்வாய் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நிலவு ஒரு சுற்று வந்தால் ஒரு மாதம். "போயாவுக்குப் போயா ஒரு மாசம்" என்றது ஒரு பிள்ளை. மாதாமாதம் முழுநிலவு நாளில் பள்ளி விடுமுறை பெறும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை. போன போயாவுக்கு அப்பா இருந்தார், இந்தப் போயாவுக்கு இல்லை. வகுப்பு ஒருகணம் அமைதியானது. பிறகு, "அந்த அக்காமார் இப்ப எங்க?" என்று கேட்டார்கள். கபிலர் என்ற புலவர் மாமா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று கதையைத் தொடர்ந்தேன்.

தரம் 6 முதல் 9 வரை: நியாயம் கேட்கும் வயது

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைகளுக்கு நியாய உணர்வு கூர்மையாகிறது. யார் சரி, யார் பிழை என்று வாதாடப் பிடிக்கும். கண்ணால் காணும் பொருளிலிருந்து விலகி, காணாத ஒன்றைப் பற்றி யோசிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இந்த வயதில் வளரத் தொடங்குகிறது என்று உளவியலாளர் பியாஜே சொன்னார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாளில் வந்துவிடாது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பேருக்குக் கூட இரண்டு வருட வித்தியாசம் இருக்கும்.

இந்த வகுப்புகளில் விளக்கத்தைவிட விவாதம் நன்றாக வேலை செய்யும். "மூணு பேர் சேர்ந்து ஒருத்தர" என்று அந்த மாணவன் சொன்னதும் வகுப்பு இரண்டாகிவிட்டது. மூவேந்தர் பக்கம் பேசவும் நாலு பேர் வந்தார்கள்: அரசன் என்றால் நாட்டைப் பெருப்பிக்கத்தான் பார்ப்பான், பாரி ஏன் பணிந்துபோகவில்லை? வாதம் சூடேறியபோது நான் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் சொல்வதற்குப் பாட்டில் எந்தச் சொல் சாட்சி?" எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். "வென்று எறி முரசு" என்ற தொடர் மாட்டிக்கொண்டது. தோற்றவர்களின் பிள்ளைகள் ஏன் எதிரியின் வெற்றி முரசைப் பாட வேண்டும்? "நக்கலாச் சொல்றாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. அந்தச் சொல்லுக்குள் குத்தல் இருக்கக்கூடும் என்பதை உரைநூல் எதையும் திறக்காமல் பதின்மூன்று வயதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இந்த வயதுக்கு உகந்தது. சுட்டெழுத்து என்று இலக்கணத்தில் அ, இ படித்திருப்பார்கள். படித்து, உதாரணம் எழுதி, மறந்திருப்பார்கள். அற்றை, இற்றை, அவ்வெண் நிலவு, இவ்வெண் நிலவு. முதலாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் மாறியிருப்பது அந்த ஓரெழுத்து மட்டுமே என்று அடிக்கோடு போட்டுக் காட்டினேன். நிலவு அதே நிலவு. அகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவில் ஒரு அப்பாவும் ஒரு நாடும் போய்விட்டன. இலக்கணப் பாடம் இலக்கியத்தில் எதற்கு உதவுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறிய, இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் காலம் இது என்பதையும் மறக்க வேண்டாம். எழுப்பித் தனியாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். வரிசை வரிசையாகச் சேர்ந்து வாசிக்க வைத்தால் அந்தச் சங்கடம் வராது.

தரம் 10, 11: "அதனால் என்ன?"

சாதாரண தர வகுப்பு வந்ததும் எல்லாமே மாறிவிடுகிறது. தமிழ்மொழியும் இலக்கியமும் எல்லோருக்கும் உண்டு; விரும்பி எடுப்பவர்களுக்குத் தமிழ் இலக்கிய நயம் தனிப்பாடம். பின்னேரம் டியூஷன், கைக்குக் கை மாறும் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள்கள். பிள்ளைகள்மேல் பிழை சொல்ல மாட்டேன். பரீட்சை அவர்களுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும்போது பாதுகாப்பான வழியைத்தான் தேடுவார்கள்.

ஆனால் அந்த நோட்ஸ் "நயம்" என்ற சொல்லைப் பாழாக்கிவிட்டது. "இப்பாடலில் எதுகை, மோனை, உவமை என்பன சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளன" என்ற ஒரே வசனத்தை எந்தப் பாட்டுக்கும் எழுதலாம். எழுதுகிறார்கள். பாரி மகளிர் பாட்டில் உவமையே இல்லை என்று கூடப் பார்க்காமல் எழுதியவர்களின் கொப்பிகளை நான் திருத்தியிருக்கிறேன்.

இதற்கு நான் கண்ட மருந்து ஒரு சின்னக் கேள்வி. மாணவர் எதைக் கண்டுபிடித்துச் சொன்னாலும், "அதனால் என்ன?" என்று கேட்பேன். அதட்டலாக அல்ல, உண்மையிலேயே அறிய விரும்பி.

"அற்றை, இற்றை: எதுகை இருக்கு டீச்சர்."

"சரி. அதனால் என்ன?"

"கேட்க நல்லாயிருக்கு."

"எல்லா எதுகையும் கேட்க நல்லாத்தான் இருக்கும். இந்தப் பாட்டில் இந்த எதுகை என்ன செய்யுது?"

இங்கே பொறுமை வேண்டும். அரை நிமிட மௌனம் ஆசிரியருக்கு அரை மணித்தியாலம் போல இருக்கும். நானே சொல்லிவிடலாம் என்று நாக்கு துடிக்கும். அன்றைக்குப் பொறுத்திருந்தேன். கடைசி வாங்கில் இருந்தவர் சொன்னார்: "ரெண்டு மாசமும் ஒரே மாதிரிக் கேட்குது. ஆனா ரெண்டும் ஒண்டில்ல." ஓசை ஒன்றாக இருப்பதால் காது இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் வலிக்கிறது. அவர் சொன்னதை இப்படிச் சீராக்கி எழுத வைத்தேன். அதுதான் நயம் எழுதுவது. விடைத்தாளிலும் அப்படிப்பட்ட விடை தனித்துத் தெரியும். ஆகவே இது பரீட்சைக்கு எதிரான வழி என்று பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

இந்த வயதினருக்குக் கொடுக்கக்கூடிய இன்னொரு நல்ல கருவி தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்வு வெளியே தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. மருட்கை என்றால் வியப்பு, இளிவரல் என்றால் இழிவுபட்ட உணர்வு, வெகுளி என்றால் கோபம். ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் தொல்காப்பியம் சொல்கிறது. அழுகை பிறக்கும் நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை.

எட்டுச் சொல்லையும் பலகையில் எழுதிவிட்டு, இந்தப் பாட்டில் எது என்று கேளுங்கள். எல்லோரும் அழுகை என்பார்கள். நான்கில் எந்த அழுகை? இழவு என்பார்கள் பலர். மற்றவர்கள் குன்றும் போய்விட்டதே, அப்போது இளிவும் அல்லவா என்பார்கள். "வேந்தர்" என்ற சொல்லில் வெகுளி இருக்கிறதா என்று யாராவது கிளப்புவார்கள். பிள்ளைகள் பாட்டை நாலாம் முறை, ஐந்தாம் முறை வாசித்துக்கொண்டிருப்பதை அவர்களே கவனிக்க மாட்டார்கள். "உங்கள் உணர்வை எழுதுக" என்று வெறுமையாகக் கேட்டால் "கவலையாக இருந்தது" என்பதைத் தாண்டி எழுதத் தெரியாத மாணவருக்கு, உணர்வுக்கு வைத்திருக்கும் இந்தப் பழைய பெயர்கள் கைப்பிடியாக உதவும்.

தரம் 12, 13: பாட்டுக்கு வெளியேயும் போகலாம்

உயர்தர மாணவர் பாட்டைவிட்டு வெளியே வந்து அதன் காலத்தையும் சமூகத்தையும் பார்க்க முடியும். கையறுநிலை என்ற துறை, அதாவது தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவது, ஒரு மரபு என்பதையும், அந்த மரபுக்குள் நின்றுகொண்டே இந்தப் பாட்டு எவ்வளவு தனியாக ஒலிக்கிறது என்பதையும் அவர்களோடு பேசலாம். முடியுடை மூவேந்தர் வலுப்பெற, குறுநிலத் தலைவர்கள் அழிந்த காலத்தின் சாட்சியாகவும் இதை வாசிக்கலாம். சங்கப் பாட்டைச் சமூக வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும் வழியை நமக்குக் காட்டியவர்களில் நம் நாட்டவர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் முக்கியமானவர்கள். வீரநிலைக் கவிதை பற்றிய கைலாசபதியின் ஆங்கில ஆய்வை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1968இல் வெளியிட்டது. கொழும்பில் படிக்கும் மாணவர் இதை அறிந்திருக்க வேண்டும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாணவர்களை அங்கே கூட்டிப்போய், ஒரே பாட்டுக்கு இரண்டு உரைகளை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் பாட்டை விட்டுவிட்டு ஆய்வுக்குள் ஓடிவிடக்கூடாது. அந்த மாணவி கவனித்ததைத் திரும்பப் பாருங்கள். இறந்தார், கொன்றார் என்ற சொல் பாட்டில் இல்லை. "இலமே" என்று மட்டும் இருக்கிறது. அவள் அதைச் சொன்னதும் இன்னொருவர் வரிசையைக் கவனித்தார். இரண்டாம் வரியில் முதலில் அப்பா, பிறகு குன்று. கடைசியில் முதலில் குன்று, பிறகு அப்பா. வாய் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கி, குன்றை முதலில் சொல்லி, வேறு வழியில்லாமல் முடிவில் அதற்கு வந்துசேர்கிறது.

அடுத்த பாடவேளைக்குப் புறநானூறு 110ஐக் கொண்டுபோனேன். கபிலர் மூவேந்தரைப் பார்த்துச் சொல்வது: பாரியின் முந்நூறு ஊரையும் பரிசில் கேட்டு வந்தவர்கள் பெற்றுவிட்டார்கள், இனி "யாமும் பாரியும் உளமே"; குன்றும் உண்டு, நீங்கள் பாடிக்கொண்டு வந்தால். பக்கத்தில் "யாம் எந்தையும் இலமே" என்பதை எழுதினேன். உளமே, இலமே. நான் வேறெதுவும் சொல்லவில்லை. மணி அடித்தும் இரண்டு மூன்று பேர் எழும்பவில்லை.

ஒரு எச்சரிக்கை

நல்ல இலக்கியம் பிள்ளையின் காயத்தைத் தொடும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கற்பிக்க வந்த ஆரம்ப காலத்தில், இதே பாட்டை முடித்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் இழந்த ஒருவரைப் பற்றி எழுதி வாசியுங்கள்" என்றேன். ஒரு மாணவி எழுதாமல் இருந்தாள். "ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். யுத்தத்தில் தகப்பனை இழந்து கொழும்புக்கு வந்த பிள்ளை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் வகுப்புகளில் இழந்தவர்கள் பலர். அப்பாவோ அம்மாவோ மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளும் உண்டு. வீடுவிட்டு வந்த குடும்பங்களின் கதை பேரப்பிள்ளை வரை வந்திருக்கிறது. பாட்டு அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசட்டும்; ஆசிரியர் நடுவில் நின்று அதை வெளியே இழுக்க வேண்டியதில்லை. இப்போது நான் எழுதச் சொல்வது பாட்டில் வருபவர்களைப் பற்றி: அந்த இரவு தங்கை அக்காவிடம் என்ன கேட்டிருப்பாள்? விரும்பிய பிள்ளை தன் கதையை அந்தத் தங்கையின் வாயில் வைத்து எழுதும். விரும்பாத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பம்.

எல்லா வயதும் ஒரே அறையில்

கோயில் அறநெறி வகுப்பிலும் நூலக வாசிப்பு வட்டத்திலும் ஏழு வயதும் பதினாறு வயதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். புதிய ஆசிரியர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு இது மிகப் பிடித்த வகுப்பு. பாட்டைச் சின்னவர்கள் பாடட்டும், நடுவயதினர் நடிக்கட்டும், பெரியவர்கள் சின்னவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் "குன்றும் பிறர் கொளார்" என்பதை விளக்க முயலும் பதினாறு வயதுக்காரருக்குத் தனக்கே அது சரியாக விளங்கவில்லை என்பது அப்போது தெரியவரும். மூன்றாம் முறை கேட்டவன் முறையறிந்து உரைப்பான் என்று நன்னூல் சொன்னதை அங்கே கண்ணால் காணலாம்.

நாளைக்கே தொடங்க விரும்புபவர்களுக்கு ஒரு பாடவேளையின் வரைபு சொல்கிறேன். நாற்பது நிமிடம். ஐந்தாறு வரிக்கு மேற்படாத ஒரு பாட்டு. முந்தின இரவு வீட்டில் வாய்விட்டுப் பத்துத் தடவை வாசியுங்கள், எங்கே மூச்சு விடுவது என்று தெரியும்வரை. வகுப்பில் நீங்கள் இரண்டு தடவை வாசியுங்கள், புத்தகம் மூடியிருக்கட்டும். மூன்றாம் தடவை பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கட்டும். பிறகு, விளங்காத சொல்லைக் கேட்பதற்கு முன்னால், காதில் நின்ற சொல்லைக் கேளுங்கள். அந்தச் சொல்லில் தொடங்கி, அந்த வயதுக்குரிய ஒரு கேள்வியை மட்டும் வைத்து, மிச்ச நேரத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். மணி அடிப்பதற்கு முன் பாட்டை இன்னொரு முறை முழுதாக வாசித்து முடியுங்கள். கொப்பியை அடுத்த நாள் திறக்கலாம்.